ஆடியும் ஆட்டுவித்தும்



கலையைக் கற்பிப்போர் குறித்து நம்மிடையே ஓர் ஏளனம் நெடுநாளாய் உண்டு. மேடையில் நிற்க இயலாதவர்தாம் வகுப்பறைக்கு வருகிறார் என்பது அது. அதை மறுக்க ஒரு நடிகையின் வாழ்வை இந்த அவையின்முன் வைக்க விழைகிறேன். அவர் ஜோரா சேகல்.

1912இல் சகாரன்பூரில், பர்தா மரபைப் போற்றிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், மேரி விக்மன் நடனப் பள்ளியில் பயின்றார். 1935இல் உதயசங்கர் குழுவில் சேர்ந்து பல நாடுகளில் ஆடினார். பின்னர், குமாவோன் மலைப்பகுதியிலுள்ள அல்மோராவில் உதயசங்கர் கலை மையம் கண்டபோது, புகழ்பெற்ற அந்த ஆட்டக்காரர் அங்கே ஆசிரியையாக அமர்ந்தார்.

அந்த மையத்தின் ஆசான்களை எண்ணிப் பாருங்கள். கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி. மணிப்புரிக்கு அமுபி சிங். இசைக்கு அலாவுதீன் கான். பரதத்திற்கோ நம் பாலசரசுவதியின் குரு கந்தப்பப் பிள்ளை. இத்தனை பேர் இருந்தும், பொருள்வளம் இன்றிச் சில ஆண்டுகளிலேயே அதன் கதவுகள் மூடப்பட்டன. அப்படியாயின் அது தோல்விதானா?

விடையை 1951 தருகிறது. அவ்வாண்டு வெளிவந்த 'பாஸி' என்னும் இந்திப் படம் குருதத் இயக்கிய முதற்படம். குருதத் அல்மோராவின் மாணவர். அப்படத்திற்கு நடனம் அமைத்தவர் ஜோரா. மூடப்பட்ட பள்ளி, திரையில் மறுபடி திறந்துகொண்டது என்றே நான் இதைக் கொள்கிறேன்.

1945 முதல் 14 ஆண்டுகள் பிருத்விராஜ் கபூரின் பிருத்வி தியேட்டர்ஸில் நடித்தார், நடனமும் பயிற்றுவித்தார். 1946இல் 'நீச்சா நகர்' படத்தில் தோன்றினார். கணவர் மறைந்தபின் தில்லியில் நாட்டியப் பயிற்சி நிலையம் ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தினார். 1962இல், ஐம்பது வயதில், நாடகம் பயிலும் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்றார். ஆசிரியை மீண்டும் மாணவியானார்! பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரான 'தி ஜூவல் இன் தி கிரவுன்' 1984இல் ஒளிபரப்பானபோது அவருக்கு வயது 71. உலகம் அவரை அடையாளம் கண்டது அப்போதுதான். 2007இல் 'சீனி கம்' படத்தில் அமிதாப் பச்சனின் தாயாக நடித்தார். 2010இல் பத்ம விபூஷண் பெற்றார். 2014இல், 102ஆம் வயதில் மறைந்தார்.

கவிஞர்களுக்கு ஒரு சொல். முதுமையில் ஜோரா மேடையேறி உருதுக் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லுவார். கையில் தாள் இராது. அரங்கு அதற்கென்றே நிரம்பும். நாமோ நம் கவிதையையே தாளைப் பார்த்துத்தான் படிக்கிறோம். உடலிலும் குரலிலும் தங்காத கவிதை, கேட்போர் நெஞ்சில் எங்ஙனம் தங்கும்?

நம் வட்டத்திற்குப் பத்தாண்டு நிறைந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆயினும் அல்மோரா அத்தனை ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. ஓர் அமைப்பை அது வாழ்ந்த ஆண்டுகளைக் கொண்டு அளப்பதா, அதிலிருந்து புறப்பட்டவர்களைக் கொண்டு அளப்பதா? புதிதாக வரும் இளங்கவிஞர் ஒருவருக்கு நாம் ஒவ்வொருவரும் எதைக் கற்பித்தோம் என்னும் கேள்வியை உங்கள்முன் வைத்து அமைகிறேன்.