பேர் கூப்பிட்டால் எழும்பி நிற்க வேண்டும்

(தலவாக்கலையில் தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் பேசியது)



சம்பளம், லயம், தண்ணீர் பற்றியெல்லாம் பேசுகிறோம். இன்றைக்கு நாம் வாய் திறக்காத ஒன்றைப் பேச வந்திருக்கிறேன்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி. பிறப்புப் பதிவில் ஆண், மனதால் பெண். யாரோ சொன்னதைக் கேட்டு, குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறாள். ஒரு கால் வீங்கி, நடக்க முடியாமல் வந்து நின்றாள்.

"ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல்ல?"

"பேரைக் கூப்பிடுவாங்க டீச்சர். அந்தப் பேருக்கு நான் எழும்பி நின்னா எல்லாரும் சிரிப்பாங்க."

அன்றே கூட்டிப் போனேன். காலில் இரத்தம் உறைந்திருந்தது. அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால் உயிரே போகலாம். அவளைக் கொல்லப் பார்த்தது குளிசை மட்டுமல்ல, நமது சிரிப்பும்தான்.

இது பைத்தியமல்ல. உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இதை மனநோய் வரிசையிலிருந்து நீக்கிவிட்டது. நமது சுகாதார அமைச்சும் 2016இல் பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கான சுற்றறிக்கையை வெளியிட்டது. மனநல வைத்திய நிபுணர் பார்த்துக் கையெழுத்திடுவார். அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும், பிறகு அடையாள அட்டையையும் திருத்தலாம். 1948இல் பிரஜாவுரிமை பறிபோன சனங்கள் நாம். கையில் சரியான கடதாசி இல்லாதவர் படும் பாடு நமக்கா தெரியாது?

சிகிச்சை எல்லோருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டையல்ல. ஒருவருக்கு ஹோர்மோன் வேண்டும். ஒருவருக்குச் சத்திரசிகிச்சையும் வேண்டும். இன்னொருவருக்குப் பேர் மாறினாலே போதும். பிரஷர், சீனி, ஈரல், புகைப்பழக்கம், பிள்ளை பெறும் ஆசை எல்லாவற்றையும் கேட்டு, இரத்தம் சோதித்துத்தான் வைத்தியர் மருந்தின் அளவைத் தீர்மானிப்பார். ஆணாக வாழ்பவருக்குக் கர்ப்பப்பை இருந்தால் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையும் வேண்டும். அடுத்தவருக்குச் சரிவந்த குளிசை உங்களுக்கு நஞ்சாகலாம்.

சங்கம் என்ன செய்யலாம்? கிளினிக் நாளில் லீவு கேட்டுக் கொடுப்போம். துணைக்கு ஒருவர் போவோம். முழுப் பேரைச் சத்தமாகக் கூப்பிடாமல் இலக்கத்தைக் கூப்பிடும்படி மருந்தகத்தில் கேட்போம். நம்மிடம் சொன்னதைப் பிரட்டுக்களத்தில் பரப்பாமல் இருப்போம்.

அந்தப் பிள்ளை இப்போது ஒழுங்காகக் கிளினிக் போகிறாள். நான் கூடப் போகும் நாளில் அவள் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், நீங்க என்னை என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

அதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை, தோழர்களே.