கூடாரத்துக் காப்பி



அரபுப் பாலைவனத்து பெதுயின் மக்கள் விருந்தாளிக்குக் காப்பி கொடுக்கும் முறையைப் பற்றி இன்று பேசுகிறேன். 2015இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் அரபுக் காப்பியைச் சேர்த்தது. பாலும் சர்க்கரையும் இல்லாத கசப்புக் காப்பி அது. நம் நாக்குக்கு உடனே பிடிபடாது. என்னைக் கவர்ந்தது அதைக் கொடுக்கும் அழகு.

கூடாரம் ஆட்டு மயிரால் பெண்கள் நெய்தது. நடுவில் திரை, ஒரு பக்கம் குடும்பம், மறு பக்கம் விருந்தினருக்கும் காப்பி அடுப்புக்கும். வந்தவர் உட்கார்ந்த பிறகுதான் பச்சைக் காப்பிக்கொட்டையை எடுத்து, நீண்ட பிடியுள்ள இரும்புக் கரண்டியில் வறுப்பார்கள். ஆறவைத்து மர உரலில் இடிப்பார்கள். ஜோர்டானில் அந்த உரலுக்கு மிஹ்பாஷ் என்று பெயர். உலக்கை கொட்டையின் மேலும் உரலின் விளிம்பிலும் மாறி மாறி விழ, தாளம் பிறக்கும். அக்கம்பக்கத்துக் கூடாரங்களுக்கு அதுவே அழைப்பு. நல்ல கையால் இடிப்பதைக் கேட்டால், தனி வாத்தியமாக மேடையேற்றலாம் என்று தோன்றும். பிறகு ஏலக்காய் சேரும். நம் போடிநாயக்கனூர் வழியாகவும் வளைகுடா நாடுகளுக்கு ஏலக்காய் போகிறது.

ஊற்றுகிறவர் இடது கையில் தல்லா என்னும் மூக்குக் கெண்டியையும், வலது கையில் பிடியில்லாத சின்னக் கோப்பையையும் வைத்திருப்பார். முதலில் தாமே ஒரு வாய் குடித்துக் காட்டுவார். பயமில்லாமல் குடிக்கலாம் என்பதற்கு அது உறுதி. பிறகு கோப்பையின் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். முதல் கோப்பை விருந்துக்கு, இரண்டாவது மகிழ்ச்சிக்கு, மூன்றாவது வாளுக்கு. மூன்றாவதைக் குடித்தவர், ஆபத்து வந்தால் அந்த வீட்டுக்காரர் பக்கம் நிற்கக் கடமைப்பட்டவர். போதுமென்றால் கோப்பையை இலேசாக ஆட்டிக் கொடுத்தால் போதும்.

பெண் கேட்டு வருகிறவர்கள் கோப்பையை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்துவிடுவார்கள். வந்த காரியத்தைச் சொல்வார்கள். பெண்ணின் தந்தை "காப்பியைக் குடியுங்கள்" என்றால் சம்மதம். கேட்பவர் கெஞ்ச வேண்டியதில்லை. கொடுப்பவரும் பெருமை பேச வேண்டியதில்லை. இரு தரப்பின் மானத்தையும் ஒரு சின்னக் கோப்பை காக்கிறது. இந்தக் கலையின் உச்சம் இதுதான் என்பேன்.

இல்லாமையில்தான் இந்த உபசார முறைக்கு உண்மையான சோதனை. வில்ஃப்ரட் தெசிகர் என்ற ஆங்கிலேயர் 1946 இறுதியில் பெதுயின் தோழர்களோடு ஒட்டகத்தில் ரூபல் காலி பாலையைக் கடந்தார். பல நாள் அரைப்பட்டினிக்குப் பிறகு ஒரு முயல் கிடைத்தது. கறி வெந்து முடியும் நேரத்தில் அந்நியர் சிலர் வந்து சேர்ந்தார்கள். தோழர்கள் ரொட்டியையும் கறியையும் அப்படியே அவர்கள் முன் வைத்தார்கள். வந்தவர்கள் சேர்ந்து உண்ண அழைத்தும், நீங்கள் எங்கள் விருந்தாளிகள் என்று சொல்லித் தோழர்கள் மறுத்துவிட்டார்கள். தெசிகருக்கு உள்ளே கோபம் பொங்கியதாம். அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தோழர்களோ வந்தவர்களை முகம் மலர உபசரித்தார்கள். பாலைவனத்தில் தண்ணீரும் சோறும் மறுக்கப்பட்டவன் பிழைக்க மாட்டான். இன்று கொடுப்பவனே நாளை வழிப்போக்கன். அதனால்தான் அங்கே உபசாரம் அவரவர் மனம்போல் செய்யும் தருமமாக இல்லாமல் சட்டமாகவே இருக்கிறது.

ஜோர்டானின் வாதி ரம் பள்ளத்தாக்கில் இன்று பெதுயின்களில் பலருக்குச் சுற்றுலாதான் பிழைப்பு. காசு கொடுத்துத் தங்கும் கூட்டத்துக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி வருவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஃபிளாஸ்க் வந்த இடத்தில் உரலின் தாளம் இல்லை, அக்கம்பக்கத்தாரும் வருவதில்லை. அது பெரிய இழப்பு.

அந்தப் பக்கம் போகும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடாரத்துக்கு யாராவது அழைத்தால் போங்கள். கோப்பையை வலது கையால் வாங்குங்கள். முதல் கோப்பையை மறுக்காதீர்கள். கொட்டை வறுபட்டு, இடிபட்டு, கொதித்து வரும்வரை அவசரப்படாமல் உட்கார்ந்திருங்கள்.