கன்றின் ரத்தம் இல்லாமல் கறி வளருமா?

(வானொலிப் பேச்சு)



சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டுக் கிராமத்துக்கு உளுந்து விதை நேர்த்தி பற்றிச் சொல்லப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஏழெட்டுக் கன்னி ஆடுகள் வைத்திருக்கும் ஓர் ஆச்சி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்கள்.

"ஏன் சார், ஆட்டை அறுக்காமலே ஏதோ பாத்திரத்துல கறி வளக்காங்களாமே? பேரன் செல்போன்ல காட்டுனான். அப்படின்னா எங்க ஆட்டை இனிமே யாரு வாங்குவா?"

நியாயமான கேள்வி. ஆனால் நின்றபடியே ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. ஆச்சிக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆட்டுக்குத் தொடையில் காயம் படுகிறது. சில நாளில் சதை கூடி ஆறிவிடுகிறது. இது எப்படி நடக்கிறது? தசை இழைகளின் ஓரத்தில் மிகச் சிறிய செல்கள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. 1961-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மௌரோ என்ற ஆய்வாளர் தவளையின் தசையில் இவற்றைக் கண்டு எழுதினார். காயம் பட்டதும் இந்தச் செல்கள் விழித்துக்கொள்ளும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பிறகு ஒன்றோடு ஒன்று சேர்ந்து தசை இழையாகும். விதைக்கென்று குதிரில் எடுத்துவைத்த தானியம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உயிருள்ள மாட்டிடமிருந்தோ ஆட்டிடமிருந்தோ துளிச் சதை எடுத்து, அதிலிருந்து இந்தச் செல்களைப் பிரித்து, உடம்புக்கு வெளியே வளர்ப்பதுதான் ஆய்வுக்கூடக் கறி. பிராணி பிழைத்துக்கொள்ளும். சதை மட்டும் வளரும்.

சரி, விதை இருக்கிறது, உரம் வேண்டாமா? செல்களுக்குத் தண்ணீர், உப்புகள், சர்க்கரை, அமினோ அமிலங்கள், வைட்டமின்கள் எல்லாம் கொடுக்கிறார்கள். இவ்வளவும் கொடுத்தாலும் செல்கள் சரியாகப் பெருகுவதில்லை. 'வளரு, வளரு' என்று தூண்டுகிற சில புரதங்களும் வேண்டும். அவை நிறைந்து கிடக்கும் இடம் எது தெரியுமா? தாயின் வயிற்றில் இருக்கும் கன்றின் ரத்தம்.

ரத்தத்தை உறைய விட்டால் தெளிந்து நிற்கும் மஞ்சள் நீருக்கு சீரம் என்று பெயர். சினை மாட்டை இறைச்சிக்காக அறுக்கும்போது, வயிற்றிலுள்ள கன்றின் இதயத்தில் ஊசி செலுத்தி ரத்தத்தை எடுத்து, சீரத்தைப் பிரிக்கிறார்கள். மூன்று மாதக் கருவில் ஏறக்குறைய 150 மில்லி சீரம் கிடைக்கும். செல் வளர்க்கும் திரவத்தில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை இதைச் சேர்ப்பது வழக்கம். அதாவது ஒரு லிட்டர் திரவத்துக்கு ஒரு கன்று என்று தோராயமாகக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2013 ஆகஸ்ட் 5-ஆம் தேதி லண்டனில், நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட் இப்படி வளர்த்த மாட்டுக்கறியைச் சமைத்துக் காட்டினார். அந்த ஒரு துண்டுக்கு ஆன செலவு 2.5 லட்சம் யூரோ. அதை வளர்த்ததும் கன்றின் சீரத்தில்தான். பிராணியை அறுக்காத கறி என்று பேர், ஆனால் பிறக்காத கன்றின் ரத்தத்தில் வளர்ந்த கறி! விஞ்ஞானிகளுக்கும் இது பெரிய உறுத்தல். தவிர, சீரம் விலை அதிகம். ஒரு தடவை வாங்கியது போல மறு தடவை இருக்காது. நோய்க் கிருமி கலந்துவிடும் பயமும் உண்டு.

இதைக் கேட்டதும் ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "ரெண்டு கோடைக்கு முந்தி தீவனம் இல்லாம ஒரு பெட்டையாட்டை வித்துட்டேன் சார். சினைன்னு எனக்குத் தெரியாது. அறுத்த பெறவு, உள்ள ரெண்டு குட்டி கெடந்துச்சுன்னு தரகர் வந்து சொன்னாரு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. அந்தக் கன்னுக்குட்டி ரத்தம் இல்லாம இந்தக் கறி வளக்க முடியாதா?"

முடியும். அதற்கான வழி கிடைத்துவருகிறது.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் போடும் இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். பிறகு மனித இன்சுலினைச் செய்யும்படி நுண்ணுயிர்களைப் பழக்கினார்கள். 1982-இல் அந்த இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பெரிய தொட்டிகளில் நுண்ணுயிர்களை வளர்த்தே அதைத் தயாரிக்கிறார்கள். கன்றின் சீரத்திலுள்ள தூண்டல் புரதங்களையும் இதே மாதிரி தனித்தனியாகச் செய்து, வேண்டிய அளவு கலந்தால் என்ன?

அப்படித்தான் செய்தார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2022-ஆம் ஆண்டு, மாட்டுத் தசைச் செல்களைப் பெருக்கச் சீரமில்லாத திரவம் ஒன்றை வெளியிட்டார்கள். பெயர் பீஃபி-9. அதே ஆண்டு, மார்க் போஸ்ட் சேர்ந்து தொடங்கிய மோசா மீட் நிறுவனத்தார், பெருகிய செல்களைச் சீரம் இல்லாமலே தசை இழையாக்கும் முறையை வெளியிட்டார்கள். பெருக்குவது ஒரு கட்டம், இழையாக்குவது அடுத்த கட்டம். இரண்டுக்கும் வழி பிறந்தது.

நமக்குச் சுவையான சேதி இனிமேல்தான். பீஃபி-9 திரவத்தில் செலவு வைத்த முக்கியமான சரக்கு அல்புமின் என்ற புரதம். 2023-இல் அதே டஃப்ட்ஸ் ஆய்வாளர்கள் அதற்குப் பதிலாக, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப்சீட் என்னும் எண்ணெய் வித்தின் புரதத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். செல்கள் நன்றாகவே வளர்ந்தன! எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் புண்ணாக்கிலே இருக்கிற புரதம்தான் அது. மாட்டுக்குப் புண்ணாக்கு வைத்தால் சதை பிடிக்கும் என்பது நமக்குத் தெரியாததா? இங்கே மாட்டின் வாய்க்குப் பதிலாக செல்லுக்கே நேராகக் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. 2019-இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, ஹைதராபாத்திலுள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்கும், தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையத்துக்கும் சுமார் நாலரைக் கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024 ஜனவரியில் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மீன் செல்லிலிருந்து மீன்கறி வளர்க்க ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. வாவல், நெய்மீன் போன்ற விலை கூடிய மீன்களில் ஆரம்பிப்பதாகச் சொன்னார்கள்.

இனி ஆச்சியின் முதல் கேள்விக்கு வருவோம். ஆட்டை யார் வாங்குவார்?

ஆய்வுக்கூடக் கறியை விற்க முதலில் அனுமதித்த நாடு சிங்கப்பூர், ஆண்டு 2020. அங்கே சீரம் இல்லாமல் வளர்த்த கோழிக்கறிக்கு 2023-இல் அனுமதி கிடைத்தது. அதே 2023-இல் அமெரிக்காவும் ஆய்வுக்கூடக் கோழிக்கறியை அனுமதித்தது. ஆனால் விற்பனை எங்கும் கொஞ்சம்தான். நம் நாட்டுக் கடைகளுக்கு அது வரவில்லை. பெரிய பெரிய தொட்டிகளில் கெட்டுப்போகாமல் வளர்ப்பது கஷ்டம். கொத்துக்கறி போலச் செய்வது ஒன்று, எலும்போடும் கொழுப்போடும் தொடைக்கறி போலச் செய்வது வேறு. ஆகவே 'கறி கண்ணாடியிலே வந்துட்டுது, இனி ஆட்டுக்கு மவுசு இல்லை' என்று யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால் ஏமாந்து கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். பிறக்காத கன்றின் ரத்தம் வேண்டாம் என்று விஞ்ஞானிகள் வருஷக்கணக்காகப் பாடுபடுகிறார்கள். நாமோ தெரியாமல் சினை ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடுகிறோம். 2001-ஆம் ஆண்டின் மத்திய அரசு அறுவைக்கூட விதிகளின்படி சினைப் பிராணியை அறுக்கக் கூடாது. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு ஆட்டின் விலைக்கு இரண்டு மூன்று உயிரைக் கொடுப்பது நமக்கும் நஷ்டம்தானே?

செய்ய வேண்டியது சுலபம். கிடாயோடு சேர்ந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வெள்ளாடு சினை பிடிக்காவிட்டால் சுமார் 21 நாளிலும், செம்மறி சுமார் 17 நாளிலும் மறுபடி பருவத்துக்கு வரும். வரவில்லை என்றால் சினையாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய ஐந்து மாதம். கிடாய் மந்தையோடு திரிந்தால் எந்தப் பெட்டையையும் சோதிக்காமல் விற்காதீர்கள். கோடையில் தீவனம் குறையும் என்று தெரிந்தால், ஆட்டைக் கழிப்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் அவசரப்பட்டால்தான் இந்தத் தவறு நேருகிறது.

அடுத்த தடவை அந்த ஊருக்குப் போனபோது, ஆச்சி வீட்டுக் காலண்டரில் நாலு தேதிகளைச் சுற்றிப் பேரன் வட்டம் போட்டிருந்தான். "அதுல மூணு சினை சார், டாக்டர் சொல்லிட்டாரு" என்றார்கள் ஆச்சி. உங்கள் வீட்டுக் காலண்டரிலும் இன்றைக்கே குறிக்க ஆரம்பியுங்கள்.