பிடுங்க முடியாத ரிலே



வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதல் பழி பேட்டரி மேல்தான் விழும். அமெரிக்காவில் 2011 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ வைத்திருந்தவர்களும் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். இரண்டுமே கிறைஸ்லர் நிறுவனத்தின் பெரிய எஸ்யூவிகள். செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. சிலருக்கு நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனது. வேறு சிலருக்கு நேர்மாறான தொல்லை. வண்டியை அணைத்த பிறகும் பெட்ரோல் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், விடிந்து பார்த்தால் பேட்டரி காலி. புது பேட்டரி போட்டார்கள், புது பம்ப் போட்டார்கள். தொல்லை தீரவில்லை.

குற்றவாளி ஒரு ரிலே. தீப்பெட்டியைவிடச் சின்னது. உள்ளே ஒரு கம்பிச்சுருள், ஒரு மெல்லிய தகடு, தொட்டுக்கொள்ளும் இரண்டு முனைகள், அவ்வளவுதான். சிறிதளவு மின்சாரம் சுருளைக் காந்தமாக்கும். காந்தம் தகட்டை இழுக்கும், முனைகள் சேரும், பம்புக்கு வேண்டிய மின்சாரம் பாயும். வண்டி ஓடும் நேரம் முழுக்க அந்தத் தகடு இழுபட்டபடியே இருக்க வேண்டும். பானட்டுக்கு அடியில் இருக்கும் வெக்கை போதாதென்று, முனைகள் வழியாகப் பாயும் மின்சாரமும் சூட்டைக் கிளப்புகிறது. நாளடைவில் தகடு வளைந்து, முனைகள் சரியாகத் தொடாமல் போயின.

ரிலே கெடுவது அதிசயமில்லை. நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் இப்படி ஒரு வண்டி போனால், ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து, ஹாரன் ரிலேயைப் பிடுங்கி, பம்ப் ரிலே இருந்த இடத்தில் செருகிப் பார்ப்பார். இரண்டும் ஒரே ரகமாக இருந்தால் போதும். வண்டி கிளம்பிவிட்டால் கோளாறு எங்கே என்பது தெரிந்துபோயிற்று. ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை.

அந்த ஜீப்பில் இது நடக்காது. ஃபியூஸ், ரிலே, அவற்றை ஆட்டிவைக்கும் கணினிப் பலகை எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி, ‘டிப்பம்’ என்று பெயரிட்டிருந்தார்கள். பம்ப் ரிலே பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஆகவே ரிலே போனால் பெட்டியையே மாற்ற வேண்டும். அந்தப் பெட்டிக்கும் தட்டுப்பாடு வந்து, வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. ஒரு சின்னப் பாகத்தைக் கையால் பிடுங்க முடியாமல் செய்தது என்ன புத்திசாலித்தனமோ, எனக்கு விளங்கவில்லை.

2014 செப்டம்பரில் கிறைஸ்லர் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 1,88,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அடுத்த ஆண்டு இன்னும் பல வண்டிகள் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. என்ன செய்து கொடுத்தார்கள் தெரியுமா? பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு ரிலேயை வைத்து, அதன் வழியாகப் பம்புக்கு வயர் இழுத்துக் கொடுத்தார்கள். கைத்திறன் உள்ள உரிமையாளர்கள் சிலர் அதே வழியைத் தாங்களாகவே செய்து பார்த்திருந்தார்கள்.

ஹாரன் தானாக அடிக்கிறது, வைப்பர் தானாக ஆடுகிறது என்று இதே டிப்பம் பெட்டியைப் பற்றி வந்த மற்றப் புகார்களையும் விசாரிக்கச் சொல்லி, வாகனப் பாதுகாப்புக்கான ஒரு நுகர்வோர் அமைப்பு 2014இல் அரசிடம் மனு கொடுத்தது. மறுவருஷம் அந்த மனு தள்ளுபடியானது.

பழைய பெட்ரோல் எஸ்யூவி ஒன்றை விலை பேசப் போகிறீர்களா? எந்தக் கம்பெனி வண்டியானாலும் சரி, ஃபியூஸ் பாக்ஸ் மூடியைத் திறந்து, பம்ப் ரிலே கையோடு கழன்று வருகிறதா என்று கேளுங்கள். பிறகு சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பிவிட்டு, பின்சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்கள். பல வண்டிகளில் பம்ப் இரண்டொரு விநாடி முனகிவிட்டு நின்றுவிடும். சாவியை எடுத்த பிறகும் முனகல் நிற்கவில்லை என்றால், விலையைக் குறைத்துக் கேட்க அதுவே போதும்.