வீடு நிறைந்தது, குன்றும் உயர்ந்தது
(சென்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் பெற்றோர் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து தில்லியில் இறங்கிய நாளில், குடும்பத்திற்கு ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஒரு கூஜா, இவ்வளவே உடைமை. இன்றோ, ஒரு குவார்ட்டர்ஸிலிருந்து அடுத்ததற்கு மாறுவதற்கே ஒரு லாரி போதவில்லை. இதனை முன்னேற்றம் என்கிறோம். அது முழுப் பொய்யுமன்று. அங்கீட்டியில் கரி மூட்டிக் கண்ணெரியச் சமைத்த காலத்தைப் புகழ்ந்து பேசுவோர், ஒரு நாள் அதனை ஊதிப் பார்த்துவிட்டுப் பேசட்டும். எரிவாயு அடுப்பை நாம் குறை கூற வரவில்லை.

குறை வேறு. சென்ற தீபாவளிக்கு முன்னர் நம் இல்லத்துச் சலவை இயந்திரம் நின்றுவிட்டது. வாங்கி ஆறே ஆண்டுகள். மோட்டார் நன்றாயிருந்தது, தொட்டியும் நன்றாயிருந்தது. உள்ளிருந்த ஒரு சிறு போர்டு மட்டும் கெட்டது. அந்த மாடலுக்கு இப்போது போர்டு வருவதில்லை, புதிதே வாங்கிவிடுங்கள் என்று பழுது பார்க்க வந்த இளைஞர் கூறினார். கபாடிவாலா அதனைப் பழைய இரும்பின் விலைக்கு எடுத்துச் சென்றார். பம்ப் ஸ்டவ்வுக்குச் சில காசில் வாஷர் மாற்றி இருபது ஆண்டு ஓட்டிய நம் தாயார் வாயிற்படியில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. புதியதற்கு இன்னும் தவணை கட்டுகிறோம். அது மிச்சப்படுத்தித் தரும் நேரத்தில், அத்தவணைக்காகவே ஓவர்டைம் பார்க்கிறோம்!

இது தற்செயலாக நேர்ந்ததன்று. 1924இல் பல நாட்டு பல்பு உற்பத்தியாளர்கள் ஜெனீவாவில் கூடி, பல்பு 1000 மணி நேரத்துக்கு மேல் எரியலாகாதென வரையறுத்து, மீறியவர்களுக்கு அபராதமும் விதித்தனர். நெடுநாள் உழைப்பதைக் குற்றமாக்கிய வாணிகம் அது.

எறிவன எல்லாம் எங்கே போகின்றன? காஜிப்பூருக்குச் சென்று பாருங்கள். 1984இல் திறந்த அக்குப்பைக் கிடங்கு 2002இலேயே நிரம்பிவிட்டது, பின்னும் கொட்டினார்கள். 2019இல் அதன் உயரம் 65 மீட்டரை எட்டியது. குதுப் மினாரே 73 மீட்டர்தான். 2017 செப்டம்பர் 1 அன்று அக்குன்றின் ஒரு பகுதி சரிந்து, சாலையில் சென்றவர்களைக் கால்வாயில் தள்ளிற்று; இருவர் மாண்டனர். 2024 ஏப்ரலில் அது தீப்பற்றி எரிந்தபோது, சுற்றுப்புறத்தார் அப்புகையையே சுவாசித்தனர். அக்குன்றில் நம் காலனியின் பங்கும் இருக்கத்தான் செய்யும்.

தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, சிறையிலிருந்து எழுதி 1945இல் வெளிவந்த நூலில் இதனை எச்சரித்தார். நிலக்கரியும் பெட்ரோலும் எடுக்க எடுக்கக் குறைவன. ஆற்று நீரும் காட்டு மரமும் முறையாகக் கொண்டால் வளர்வன. முன்னதை நம்பிய வாழ்வு நிலையாது என்பது அவர் வாதம். கணக்குத் தணிக்கை கற்றவர் அல்லவா, முதலைத் தின்பதற்கும் வட்டியில் வாழ்வதற்கும் உள்ள வேற்றுமையை அறிந்திருந்தார். தமிழராகிய நாமே அவர் பெயரை மறந்துவிட்டோம்.

இன்னோர் இழப்பும் உண்டு. 1987இல் ஞாயிறுதோறும் ராமாயணம் பார்க்க ஒரு பிளாக் முழுவதும் ஒரே வீட்டில் கூடியது. ஒரு வெட் கிரைண்டரில் நான்கு குடும்பத்திற்கு மாவு அரைந்தது. சண்டையும் வந்தது, அதை மறைப்பானேன்? ஆயினும் மாமி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. இன்று நான்கு வீட்டிலும் நான்கு கிரைண்டர். கதவு தட்டக் காரணம் இல்லை.

ஆகவே, ஏணி, துளையிடும் கருவி, விசேஷங்களுக்கான பெரிய பாத்திரங்கள், ஒரு கிரைண்டர் ஆகியவற்றைச் சங்கமே வைத்து அங்கத்தினர்க்கு இரவல் தர வேண்டும் என்று காரியக் கமிட்டிக்கு எழுதியிருக்கிறோம். திருப்பித் தரமாட்டார்களே என்று பொருளாளர் அஞ்சுகிறார். பதிவேட்டை நாமே எழுதுகிறோம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

இன்றைய விருந்துக்குத் தெர்மோகோல் தட்டு வேண்டாமென்று எஃகுத் தட்டுகள் வாடகைக்கு எடுத்துள்ளனர். கழுவ ஆள் போதவில்லையாம். நாம் இறங்கி அங்கே போகிறோம். வரக்கூடியவர்கள் உடன் வாருங்கள்.