தட்டுக்கு எதிரே கைப்பேசி



2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அன்றைக்கே தொலைமருத்துவ நெறிமுறைகளும் வெளிவந்தன. பஸ் நின்றது, ஆனால் மைசூரில் இருந்துகொண்டே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை டாக்டரிடம் பேச வழி பிறந்தது. சரி, எல்லா நோய்க்கும் இது போதுமா?

அனோரெக்சியாவை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பும் தோலுமாக ஆன பிறகும், குண்டாகிவிடுவோமோ என்று பயந்து சாப்பாட்டை ஒதுக்குகிற நோய். மனநோய்களில் உயிரை அதிகம் பறிப்பவற்றில் இதுவும் ஒன்று. நாமோ 'அடம்', 'டயட்' என்று சொல்லி, வயிற்று டாக்டரிடம் காட்டியே காலத்தை ஓட்டுகிறோம்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதற்கென்றே பகல்நேர மையங்கள் உண்டு. நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பார். கொரோனா வந்ததும் அவற்றில் பல காணொளிக்கு மாறின. தட்டு, கை, வாய் மூன்றும் தெரியும்படி கைப்பேசியை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கவளம் துப்பட்டாவுக்குள் போய்விடும். சாப்பிட்டு முடித்தாலும் அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, பாத்ரூமில் போய் வாந்தி எடுத்துவிடலாம் என்பதால். எடை பார்க்கும்போது பிள்ளை திரும்பி நிற்க, அம்மா எண்ணைக் குறித்து அனுப்ப வேண்டும். அதற்கு முன்பே வயிறு முட்டத் தண்ணீர் குடித்து எடையைக் கூட்டிக் காட்டும் கெட்டிக்காரர்களும் உண்டு.

ஆக, நர்ஸ் வேலை அம்மா தலையில். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, பிள்ளையைச் சாப்பிட வைக்கும் பொறுப்பை ஏற்கெனவே பெற்றோரிடமே கொடுத்திருந்தது. பதின்வயதினர் விஷயத்தில் காணொளி ஓரளவு கைகொடுத்தது அதனால்தான். நம் வீடுகளில் மட்டும் ஒரு சங்கடம்: "இப்பத்தான் கொஞ்சம் சதை போட்டிருக்கே" என்று பாட்டி பாசத்தோடு சொல்லிவிட்டால், ஒரு வாரப் பாடு வீண்.

ஆனால் கைப்பேசி நாடி பிடித்துப் பார்க்காது. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயமே நின்றுபோகலாம். எனவே பேச்சும் சாப்பாட்டு மேற்பார்வையும் காணொளியில் நடக்கட்டும். நாடி, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் பக்கத்து ஆஸ்பத்திரியில்தான். மயக்கம் வந்தால் அன்றைக்கே அட்மிட் செய்யுங்கள்.

2022 அக்டோபர் முதல் டெலி மானஸ் என்ற இலவச மனநலத் தொலைபேசி சேவை இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம். வீட்டில் பிள்ளை தட்டை ஒதுக்குகிறதா, எடை இறங்குகிறதா, மாதவிலக்கு நின்றுவிட்டதா? யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். எண் 14416.