ரூட்டரும் அதன் ஃபர்ம்வேரும்

இன்று பல வீடுகளில் கூடத்தின் ஒரு மூலையிலோ புத்தக அலமாரியின் உச்சியிலோ ஒரு சிறு பெட்டி அமர்ந்திருக்கிறது. அதன் முகத்தில் நாலைந்து விளக்குகள் ஓயாமல் கண் சிமிட்டுகின்றன. இரண்டு மூன்று கொம்புகள் மேல்நோக்கி நிற்கின்றன. அதனை ரூட்டர் என்கிறோம். அது ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒருவரும் அதனை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நின்றுவிட்டாலோ வீட்டில் உள்ள அத்தனை பேரும் அதன் முன் கூடிவிடுகிறார்கள்.

இந்தப் பெட்டியை ஏதோ தண்ணீர்க் குழாய் போன்ற ஒரு பொருளாகவே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது ஒரு முழுக் கணினி. திரையும் விசைப்பலகையும் இல்லை, அவ்வளவுதான். உள்ளே ஒரு செயலி இருக்கிறது. மின்சாரம் நின்றவுடன் அனைத்தையும் மறந்துவிடும் ராம் நினைவகம் இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறவாத ஃப்ளாஷ் நினைவகமும் இருக்கிறது. அந்த ஃப்ளாஷில் எழுதி வைத்திருக்கும் கட்டளைத் தொகுதிக்கே ஃபர்ம்வேர் என்று பெயர். கம்பெனி எழுதித் தந்த ஃபர்ம்வேரை நீக்கிவிட்டு, வேறொருவர் எழுதிய ஃபர்ம்வேரை அதே பெட்டியில் பதிக்க முடியும். அதனைப் பழுதின்றிச் செய்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நன்றாக ஓடுகிற பெட்டியை ஏன் கிளற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரூட்டரை விற்ற கம்பெனி சில ஆண்டுகள் வரையில் அதன் ஃபர்ம்வேரில் காணும் ஓட்டைகளை அடைத்துத் தரும். பிறகு புது மாடல்கள் வந்துவிடும்; பழையது கைவிடப்படும். பெட்டி கெடுவதில்லை, அதன் காவல்தான் கெடுகிறது. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் விபிஎன்ஃபில்ட்டர் என்னும் தீநிரல் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. குறைந்தது 54 நாடுகளில் ஐந்து லட்சம் ரூட்டர்களையும் அவற்றைப் போன்ற சாதனங்களையும் அது பிடித்திருந்ததாக, அதனை ஆராய்ந்த சிஸ்கோ நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவினர் தெரிவித்தனர். பெட்டியை ஒருமுறை அணைத்து எழுப்பினால் அந்த நிரலின் பெரும் பகுதி அழிந்துவிடும். ஆயினும் அதன் வேர் ஃப்ளாஷில் தங்கிவிடும். வீட்டில் உள்ளோர் அனுப்புவதும் பெறுவதும் எல்லாம் அந்த வாயிலைக் கடந்துதான் செல்ல வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், வாயிற்காவலன் யார் என்று கேட்பது வீண் ஆராய்ச்சி ஆகாது.

வேறு ஃபர்ம்வேர் எழுதும் வழக்கம் எப்படிப் பிறந்தது என்பது சுவையான வரலாறு. 2002-ஆம் ஆண்டின் இறுதியில் லிங்ஸிஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி டபிள்யூஆர்டி 54ஜி என்ற ரூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்புமான பெட்டி. பின்புறம் இரு கொம்புகள். அதனுள் ஓடிய ஃபர்ம்வேரை ஆராய்ந்தவர்கள், அது லினக்ஸைக் கொண்டு கட்டப்பட்டது என்று கண்டுகொண்டார்கள். லினக்ஸை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பொருளில் வைத்து விற்கவும் செய்யலாம். ஆனால் அதன் உரிமப் பத்திரம் ஒரு நிபந்தனை விதிக்கிறது: விற்பவர், வாங்கியவருக்கு அதன் மூலநிரலையும் கொடுத்தாக வேண்டும். லிங்ஸிஸ் கம்பெனியோ கொடுக்கவில்லை. 2003-இல் இதுபற்றிப் பகிரங்கமாகக் கேள்வி எழுந்தது. அந்த ஆண்டிலேயே லிங்ஸிஸை சிஸ்கோ வாங்கியிருந்தது. முடிவில் மூலநிரல் வெளியாயிற்று.

அந்த நிரலைக் கையில் எடுத்துக்கொண்டு 2004-ஆம் ஆண்டில் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம். பெயரின் பின்பாதி அந்தப் பழைய பெட்டியின் பெயரே. டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ முதலியவையும் பின்னர்த் தோன்றின. ஓப்பன்டபிள்யூஆர்டி இன்று பற்பல கம்பெனிகளின் ரூட்டர்களில் ஓடுகிறது. ஓர் உரிமப் பத்திரத்தின் ஒரு நிபந்தனை, இத்தனை பெரிய மரத்துக்கு விதையாயிற்று.

அதே பெட்டியின் கதையில் நமக்குத் தேவையான மற்றொரு பாடமும் இருக்கிறது. முதல் நான்கு பதிப்புகளில் 4 மெகாபைட் ஃப்ளாஷும் 16 மெகாபைட் ராமும் வழக்கமாக இருந்தன. 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஃப்ளாஷ் 2 மெகாபைட்டாகவும் ராம் 8 மெகாபைட்டாகவும் பாதியாயின. லினக்ஸுக்குப் பதில் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறு இயக்க முறைமை குடியேறிற்று. வெளியே பெயரும் அதுவே, உருவமும் அதுவே. முன்னைய பதிப்புக்கென எழுதிய ஃபர்ம்வேரை இதில் பதிக்க முயல்வது, பத்துப் படி அரிசியை ஐந்து படிப் பானையில் கொட்டுவதற்குச் சமானம். லினக்ஸை விரும்பியவர்களுக்காக ஜிஎல் என்ற எழுத்துகளில் முடியும் தனி மாடல் ஒன்றைக் கம்பெனி பின்னர் வெளியிட்டது.

ஆகவே ரூட்டரைக் கையில் எடுத்ததும் முதலில் அதனைக் குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் பெயருக்குப் பின்னால் ‘வி 1’, ‘வி 2’ என்று சிறிய எழுத்தில் ஒரு குறி இருக்கும். அச்சிறு குறியை அலட்சியம் செய்தால் மற்ற எச்சரிக்கை எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தார் எந்த மாடலில் எந்தப் பதிப்புக்கு எந்தக் கோப்பு பொருந்தும் என்று நீண்ட அட்டவணை வைத்திருக்கிறார்கள். பெயரும் பதிப்பும் இரண்டும் பொருந்தினாலன்றி மேலே செல்லலாகாது. 4 மெகாபைட் ஃப்ளாஷும் 32 மெகாபைட் ராமும் உள்ள பழைய பெட்டிகளை இனி எடுக்க வேண்டாம் என்றும், 8-உம் 64-உம் இருந்தாலும் இடம் நெருக்கடிதான் என்றும் அவர்களே எச்சரிக்கிறார்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இணையச் சேவை தருவோர் வீட்டில் பொருத்திவிட்டுப் போகும் பெட்டி பல இடங்களில் அவர்களுடைய சொத்து. அதில் கை வைப்பது முறையும் அன்று, புத்திசாலித்தனமும் அன்று. பயில விரும்பும் மாணவர் பழைய ரூட்டர் ஒன்றைத் தேடி வாங்கிக்கொள்வதே நல்லது. வீட்டுக்கு உள்ள ஒரே ரூட்டரை, மறுநாள் தம்பிக்குப் பரீட்சை இருக்கும்போது பிரித்து வைத்துக்கொண்டு உட்காருபவருக்கு வீட்டார் என்ன பட்டம் சூட்டுவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கோப்பைப் பதிவிறக்கியவுடன் பதித்துவிடக் கூடாது. வழியில் அது சிதைந்திருக்கலாம். வேறு எவரேனும் மாற்றியும் இருக்கலாம். இதற்காக ஷா-256 என்னும் கணித முறையில் 64 எழுத்துகள் கொண்ட ஒரு முத்திரையைத் திட்டத்தார் கோப்புடன் வெளியிடுகிறார்கள். கோப்பில் ஒரே ஒரு துணுக்கு மாறினாலும் முத்திரை முழுவதும் மாறிப்போகும். உங்கள் கணினியில் அம்முத்திரையைக் கணக்கிட்டு, வெளியிட்டதோடு ஒப்பிட வேண்டும். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் ஒத்திருந்தால் போதும் என்பார் உளர். போதாது. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. கேட்பவருக்குக் கேட்டபடி ஃபர்ம்வேர் கட்டித் தரும் ஓப்பன்டபிள்யூஆர்டியின் சேவை ஒன்றில், உள்ளுக்குள் 64 எழுத்து முத்திரையை 12 எழுத்தாகக் குறுக்கிப் பயன்படுத்தியிருந்தார்கள். 12 எழுத்து அளவில் ஒத்துப்போகும் போலியை உருவாக்குவது இன்றைய கணினிகளுக்கு எட்டாத காரியம் அன்று என்று ஓர் ஆய்வாளர் காட்டினார். குறை உடனே சரிசெய்யப்பட்டது. 64-ஐயும் ஒப்பிடுங்கள், கணினியே ஒப்பிட்டுச் சொல்லும், கண் வலிக்காது.

ஒரே ரூட்டருக்கு இரண்டு வகைக் கோப்புகள் இருப்பதைக் காண்பீர்கள். ஒன்று ‘ஃபாக்டரி’ என்றும், மற்றொன்று ‘சிஸ்அப்கிரேட்’ என்றும் பெயர் பெறும். கம்பெனியின் ஃபர்ம்வேரிலிருந்து முதன்முதல் மாறும்போது பொதுவாக முன்னது வேண்டும். மாறிய பின் புதுப்பிப்பதற்குப் பின்னது. சில மாடல்களுக்கு வழி வேறு. அந்தந்த மாடலுக்குரிய பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டே தொடங்க வேண்டும்.

இனிப் பதிக்கும் வேலை. கணினியையும் ரூட்டரையும் ஈதர்நெட் கம்பியால் இணையுங்கள். வைஃபை வழியே செய்யலாகாது. பதிப்பின் நடுவே ரேடியோ நின்றுபோகலாம். பழைய அமைப்புகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சேவையாளர் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் முக்கியம். கம்பெனியின் அசல் ஃபர்ம்வேர் கோப்பையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வர வழி தெரியாமல் காட்டுக்குள் போகலாமா?

மின்சாரத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஃப்ளாஷ் நினைவகம் சிலேட்டுப் பலகை போன்றது அன்று; ஒரு எழுத்தை மட்டும் அழித்து எழுத அதனால் இயலாது. ஒரு பெரும் கட்டத்தை முழுவதும் அழித்து, பிறகு அதில் எழுத வேண்டும். இவ்வாறு கட்டம் கட்டமாக வேலை நடக்கும். நடுவில் மின்சாரம் போனால், முன்பாதி புதியதும் பின்பாதி பழையதுமாய், இடையில் ஒரு வெற்றுக் கட்டமுமாய் நின்றுவிடும். அத்தகைய ஃபர்ம்வேர் எழுந்து நடவாது. ஆகையால் மின்தடை அடிக்கடி நேரும் வேளையில் இவ்வேலையைத் தொடங்காதீர்கள். இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இருந்தால் ரூட்டரையும் கணினியையும் அதில் இணையுங்கள். சில நிமிடம் வரை விளக்குகள் விநோதமாக மின்னும். திரையில் ஒன்றும் வராது. பொறுமை இழந்து கம்பியைப் பிடுங்குவது, மின்தடையை நாமே வரவழைத்துக்கொள்வதாகும்.

இப்படி உயிரற்றுப் போன ரூட்டரைச் செங்கல் ஆயிற்று என்று இத்துறையினர் வேடிக்கையாகச் சொல்வர். ஆனால் செங்கல் ஆனதாகக் கருதப்படும் பெட்டிகளில் பல, உண்மையில் மயங்கிக் கிடப்பவையே. ஃப்ளாஷின் தொடக்கத்தில் பூட்லோடர் என்னும் சிறு நிரல் தனியே இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான். ஃபர்ம்வேரை எழுப்புவதும் அதுவே. நாம் ஃபர்ம்வேரை மாற்றும்போது வழக்கமாக அதனைத் தொடுவதில்லை. அது நன்றாக இருந்தால், பல ரூட்டர்களில் ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, டிஎஃப்டிபி என்ற எளிய முறையில் கம்பி வழியே அசல் ஃபர்ம்வேரைத் திரும்ப ஊட்டிவிடலாம். பூட்லோடரையே மாற்றச் சொல்லும் வழிமுறைகளைப் புதிதாகப் பழகுவோர் ஒதுக்கிவிடுவது நலம்.

ஃப்ளாஷில் தொடக்கூடாத மற்றோர் இடமும் உண்டு. ஒவ்வொரு பெட்டியின் ரேடியோவையும் தொழிற்சாலையில் தனித்தனியே அளந்து, அவ்வளவுகளைச் சிறு பகுதி ஒன்றில் எழுதிவிடுகிறார்கள். மனிதனுக்குக் கைரேகை போல இது அந்தப் பெட்டிக்கே உரியது. அழிந்தால் அடுத்த வீட்டுப் பெட்டியிலிருந்து நகல் எடுத்துப் பயனில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டியைப் பதித்தவுடன், அதன் நிர்வாகப் பக்கத்திலிருந்து இப்பகுதியின் நகலை எடுத்துக் கணினியில் பத்திரப்படுத்த வேண்டும். பலரும் இதனைச் செய்வதில்லை. தேவைப்படும் நாளில் தேடுகிறார்கள்.

பதித்து முடிந்ததும் 192.168.1.1 என்ற முகவரியில் புது ஃபர்ம்வேர் உங்களை வரவேற்கும். கடவுச்சொல் ஏதும் இராது. முதற்காரியமாக நல்லதொரு கடவுச்சொல் இடுங்கள். அதன் பிறகே இணையக் கம்பியைச் செருகுங்கள். வைஃபை அணைந்திருந்தால் பழுது என்று எண்ண வேண்டாம், அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி மூல நிரலை மாறாத பகுதியாகவும், நாம் செய்யும் மாற்றங்களை அதன் மேல் வேறொரு படலமாகவும் வைக்கிறது. அச்சிட்ட நூலின் மேல் மெல்லிய தாளை விரித்துக் குறிப்பெழுதுவது போல. அமைப்பில் ஏதேனும் பிசகி உள்ளே நுழைய முடியாமற்போனால், எழும்போது விளக்கு மின்னும் வேளையில் பொத்தானை அழுத்தினால், அத்தாளை ஒதுக்கிவிட்டு அச்சு நூலோடு மட்டும் அது விழித்துக்கொள்ளும்.

வைஃபையை இயக்கும்போது எந்த நாடு என்று அது கேட்கும். இந்தியாவில் இருப்பவர் இந்தியா என்றே சொல்ல வேண்டும். அலைவரிசையும் ஆற்றலும் நாட்டுக்கு நாடு சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை. வேறு நாட்டைச் சொல்லி ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும் தந்திரத்தை வல்லமை போலப் பேசுவோர் உண்டு. அமெரிக்காவில் விமான நிலையங்களின் அருகே, தரையிறங்கும் விமானத்தைக் கவிழ்க்கவல்ல திடீர்க் காற்றைக் கண்டறியும் ரேடார்கள் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் பார்க்கின்றன. ஐந்து கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் எல்லையும் அங்கேதான். ஒழுங்காக அமைந்த ரூட்டர் இத்தகைய அலைவரிசையில் பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 வினாடி காதைத் தீட்டிக் கேட்டு, ரேடார் ஒலித்தால் விலகிக்கொள்ளும். நாட்டின் பெயரைப் பொய்யாகச் சொன்னால் இந்த மரியாதையும் போய்விடலாம். அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் இதைக் கருதியே ஒரு காலத்தில் வெளி ஃபர்ம்வேருக்குத் தடை வருமோ என்று அஞ்சும்படி விதிகள் வகுத்தது. 2016-இல் அதே ஆணையம், ஆற்றல் வரம்பை மீற இடம் தந்ததற்காக டிபி-லிங்க் கம்பெனியை இரண்டு லட்சம் டாலர் செலுத்த வைத்தது. வெளி ஃபர்ம்வேரைப் பதிக்க வழிவிட வேண்டும் என்பதையும் அதே உடன்பாட்டில் சேர்த்தது.

பூட்லோடரும் பதில் சொல்லாத நிலை வந்தால், பெட்டியைத் திறந்து சீரியல் இணைப்பைத் தேட வேண்டியிருக்கும். பலகையில் மூன்று நான்கு முனைகள் வரிசையாக இருக்கும். அவை பெரும்பாலும் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. பழைய கணினிகளின் சீரியல் துளையிலிருந்து நேரே கம்பி கொடுத்தால், அதன் மிகுந்த வோல்ட்டு செயலியையே கருக்கிவிடும். அதற்கென விற்கும் யுஎஸ்பி இணைப்பானை வாங்கி, நிலக்கம்பி, அனுப்பும் கம்பி, பெறும் கம்பி ஆகிய மூன்றை மட்டும் இணைக்க வேண்டும். மின் தரும் நான்காம் முனையைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

இத்தொல்லைகளை மனத்திற்கொண்டே 2024-ஆம் ஆண்டு நவம்பரில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தார் தங்கள் பெயரிலேயே ‘ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்’ என்ற ரூட்டரை வெளியிட்டார்கள். அதில் ஃப்ளாஷ் இரண்டு. அன்றாட வேலைக்கு 256 மெகாபைட் கொண்டது ஒன்று. மீட்பதற்கென்று 16 மெகாபைட் கொண்டது மற்றொன்று. சீரியல் இணைப்புக்கும் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. சாதாரண யுஎஸ்பி கம்பியே போதும். பயிலும் மாணவர் முதல் ஃப்ளாஷில் எதை எழுதிக் கெடுத்தாலும், ஒரு சிறு விசையை அப்பக்கம் தள்ளி, இரண்டாவதிலிருந்து பெட்டியை எழுப்பிவிடலாம்.